நுவரெலியாக் குளிரில் லவ் பேர்ட்ஸ்

தை, மாசியில் நுவரெலியாவில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும். இந்த நாட்களில் லவ் பேர்ட்ஸ் கூட்டை முன்வாசலிலேயே விட்டுவிடாதீர்கள். பட்ஜி என்கிற இந்தச் சின்னக் கிளிகள் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தவை. குளிரை ஓரளவு தாங்கும், ஈரக்காற்றுத்தான் ஆகாது.

அதற்காகக் குசினிக்குள் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். விறகுப் புகை அவற்றின் மூச்சுக்குக் கெடுதல். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்புகிற ஆவி அதைவிட மோசம், சில நிமிடங்களில் உயிரையே எடுத்துவிடும். முன் அறையில், கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராக இல்லாத ஒரு மூலை போதும். இரவில் மூன்று பக்கமும் மேலேயும் தடித்த துணியால் மூடி, முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். சூட்டுக்கென்று இரவு முழுக்க பல்ப் எரிப்பது நல்லதில்லை, தூக்கம் கெடும்.

பறவைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒற்றைக் காலில் உப்பிக்கொண்டு தூங்கினால் பயமில்லை. பகலிலும் இரண்டு காலிலும் உப்பி உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்தில் குளிக்க விடுவதெல்லாம் வெயில் ஏறிய பிறகு மட்டும். அந்தி சாய்வதற்குள் இறகு காய்ந்திருக்க வேண்டும்.