கிளப் ஆட்டங்களைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ் கிளப் உறுப்பினர்களின் மறக்க முடியாத ஆட்டங்களைத் தொகுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் நகர்வுகளை ஆராயும் மென்பொருளான எஞ்சினைத் திறக்கிறார்கள். அங்கேயே வேலை தடம் மாறிவிடுகிறது. ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பதே உறுதியாகாத நிலையில் அது நல்ல ஆட்டமா என்று ஆராய்ந்து என்ன பயன்? கிளப் தொகுப்புக்கு இரண்டு விஷயங்கள்தான் உயிர். பலகையில் விழுந்த நகர்வுகள் அப்படியே இருக்க வேண்டும். ஆடியவர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் வாயாலேயே பதிவாக வேண்டும். எஞ்சின் ஆராய்ச்சியைப் பத்து வருஷம் கழித்தும் சேர்க்கலாம். இந்த இரண்டும் சில நாட்களிலேயே கைநழுவிப் போய்விடும்.

ஸ்கோர்ஷீட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, ஆட்டக்காரர் நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர்ஷீட் போட்டி நடத்துபவருக்குச் சொந்தமானது. ஆட்டக்காரர் கையில் மிஞ்சுவது கார்பன் நகல்தான். சில போட்டிகளில் அதுவும் கிடையாது. நகலின் எழுத்து மங்கலாக இருக்கும், அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்தால் மடிப்பில் இருக்கும் நகர்வுகள் முதலில் அழியும். எனவே சுற்று முடிந்த அன்றைக்கே மூலத்தைப் படம் எடுத்துவிட வேண்டும். முடிந்தால் எதிராளியின் தாளையும் சேர்த்து எடுங்கள். ஒரே ஆட்டத்தை இருவர் தனித்தனியாக எழுதியிருப்பதுதான் பிழை திருத்த நமக்குள்ள மிகப் பெரிய வசதி. தாளைத் தட்டையாக வைத்து, தலைப்புப் பகுதியும் கையெழுத்தும் தெரியும்படி முழுத் தாளையும் எடுக்க வேண்டும். நகர்வுகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் சுற்று எண்ணும் தேதியும் போய்விடும். கோப்புக்குத் தேதி, சுற்று, பலகை எண் என்ற வரிசையில் பெயர் வைத்தால் பிறகு தேடுவது எளிது.

எந்த வகை ஆட்டத்தில் தாளை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடும் ஆட்டத்தில் கடைசி வரை எழுதியாக வேண்டும் என்பது விதி. அப்படிக் கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில், கடிகாரத்தில் 5 நிமிடத்துக்குக் கீழே வந்தவர் எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். ரேபிட், பிளிட்ஸ் என்னும் குறைந்த நேர ஆட்டங்களில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களின் கடைசிப் பகுதி நினைவிலிருந்து வருவது. அதைச் சேர்ப்பதில் தவறில்லை. எந்த நகர்வு வரை தாளில் உள்ளது, எங்கிருந்து நினைவு என்று ஒரு வரி எழுதாமல் விடுவதுதான் தவறு.

செல்லாத நகர்வு வந்த இடத்திலேயே பிழையைத் தேடுவது

கையால் எழுதிய தாளைக் கணினியில் ஏற்றும்போது 27-ஆவது நகர்வில் ‘இந்த நகர்வு செல்லாது’ என்று வந்தால் எல்லோரும் 27-ஐயே உற்றுப் பார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் அதற்கு முன்னால், சில சமயம் பத்து நகர்வுகளுக்கு முன்னால் இருக்கும். தவறாகப் படித்த நகர்வும் செல்லுபடியாகும் நகர்வாக இருந்துவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பிறகு அந்தக் காய் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாதபோதுதான் தடுக்கும்.

கட்டங்களின் பெயரில் வரும் ஆங்கிலச் சிறிய சி-யும் ஈ-யும், ஏ-யும் டி-யும், 1-உம் 7-உம் கையெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாவற்றிலும் மோசமானது பி. சிறிய எழுத்தாக இருந்தால் பி வரிசைச் சிப்பாய், பெரிய எழுத்தாக இருந்தால் மந்திரி (பிஷப்). சி3-இல் இருக்கும் காயைச் சிப்பாய் எடுத்ததா மந்திரி எடுத்ததா என்பது அந்த ஓர் எழுத்தின் உயரத்தைப் பொறுத்தது. இரண்டுமே செல்லும் நிலை அடிக்கடி வரும். இந்த எழுத்துகள் உள்ள நகர்வுகளைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு காய்கள் ஒரே கட்டத்துக்கு வர முடியும்போது எந்தக் காய் என்று எழுதாமல் விடுவது அடுத்த வகைப் பிழை. எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்: 1858-இல் பாரிஸ் ஆபரா அரங்கில் பால் மார்ஃபி, பிரன்சுவிக் கோமகனும் இசுவார் பிரபுவும் சேர்ந்து ஆடிய கறுப்புக்கு எதிராக 17 நகர்வில் வென்ற ஆட்டம். 11-ஆவது நகர்வில் வெள்ளை மந்திரி பி5-இல் எடுத்துச் செக் கொடுக்கிறது. கறுப்பு குதிரையை டி7-இல் குறுக்கே வைக்கிறது. பி8-இல் ஒரு குதிரை, எஃப்6-இல் ஒரு குதிரை. இரண்டுமே டி7-க்கு வரும். தாளில் வெறும் ‘குதிரை டி7’ என்று இருந்தால் எதை எடுப்பது? அடுத்த நகர்வைப் பார்த்தால் விடை கிடைக்கும். 12-ஆவது நகர்வில் கறுப்பு யானை ஏ8-இலிருந்து டி8-க்குப் போகிறது. குதிரை இன்னும் பி8-இல் நின்றிருந்தால் வழி அடைபட்டிருக்கும். ஆகவே நகர்ந்தது பி8 குதிரைதான். சந்தேகமான நகர்வு எதையும் இப்படிப் பின்னால் வருவதை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். ‘இதுதான் நல்ல நகர்வு, இதைத்தான் ஆடியிருப்பார்’ என்று ஊகிக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் மோசமான நகர்வுகளையும் ஆடுகிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை: முடிவு நிலையில் இருபக்கமும் மிஞ்சிய காய்களை எண்ணி, ஆடியவரிடம் சரிபாருங்கள். மேலே சொன்ன ஆட்டம் முடியும்போது சிப்பாய்களையும் ராஜாவையும் தவிர வெள்ளையிடம் ஒரு யானையும் ஒரு மந்திரியும் மட்டுமே. கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கும் இருக்கும். பதிவில் ஒரு காய் கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு எடுப்பு விட்டுப்போயிருக்கிறது.

பழைய முறைத் தாள்களை வெள்ளைப் பக்கமிருந்தே படிப்பது

மூத்த உறுப்பினர்களின் தாள்களைத் திறந்தால் ஆங்கிலேய விவரண முறையில் எழுதியவை கிடைக்கலாம். 1981 முதல் ஃபிடே, கட்டங்களை ஈ4 என்பதுபோல் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் இயற்கணித முறையை மட்டுமே ஏற்கிறது. அதற்கு முன் ஆங்கில நூல்கள் வழியாகக் கற்றவர்கள் பழைய முறையில்தான் எழுதினார்கள். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் பக்கமிருந்து கட்டங்களை எண்ணுவார். வெள்ளைக்கு ராஜா வரிசையின் 4-ஆம் கட்டம் ஈ4. கறுப்புக்கு அதே பெயர் ஈ5. மார்ஃபி ஆட்டத்தின் 3-ஆவது நகர்வில் கறுப்பு மந்திரி வரும் ஜி4, கறுப்பின் கணக்கில் ராஜா பக்கக் குதிரை வரிசையின் 5-ஆம் கட்டம். வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால் அது ஜி5 ஆகிவிடும். அந்த மந்திரி அங்கே போகவே முடியாது. கறுப்பின் நகர்வு ஒவ்வொன்றுக்கும் 9-இலிருந்து எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். மந்திரி, குதிரை, யானை வரிசைகள் ராஜா பக்கமா ராணி பக்கமா என்று எழுதாமல் விட்டிருந்தால் இரண்டையும் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முடிவை அழகுபடுத்துவது

எதிராளி 31-ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மூன்று நகர்வில் ராணியைப் பலி கொடுத்து செக்மேட் இருந்தது. தொகுப்பாளர் அந்த மூன்றையும் ஆட்டத்திலேயே சேர்த்துவிடுகிறார். பெரிய ஆட்டங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1851-இல் லண்டனில் ஆண்டர்சனும் கீசரிட்ஸ்கியும் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தின் கடைசி நகர்வுகள் எல்லாம் பலகையில் விழுந்தனவா, கறுப்பு அதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டாரா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. ஆடாத நகர்வுகள் குறிப்பில் வரட்டும், ஆட்டத்தில் வேண்டாம்.

நகர்வுகளைத் தானே பதியும் மின்பலகையில் ஆடிய ஆட்டத்தில் இதே பிழை தானாகவே புகும். ஆட்டம் முடிந்ததும் முடிவைக் காட்ட ராஜாக்களை நடுக் கட்டங்களில் வைப்பார்கள். ராஜா ஏற்கெனவே ஈ3-இல் இருந்தால், ஈ4-இல் வைப்பதை மென்பொருள் உண்மையான நகர்வாக எடுத்துக்கொள்ளும். கடைசி நகர்வு காரணமில்லாமல் ராஜா நடுவுக்குப் போவதாக இருந்தால் ஸ்கோர்ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரைக் குழப்புவது

நம் பெயர்களுக்கு இது தனிப் பிரச்சினை. செஸ் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர், காற்புள்ளி, இயற்பெயர் என்ற அமைப்பை எதிர்பார்க்கின்றன. நமக்கு இருப்பதோ முதலெழுத்தும் இயற்பெயரும். விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் விஸ்வநாதன் தந்தையின் பெயர். ஃபிடே பட்டியலில் குகேஷ், பிரக்ஞானந்தா பெயர்களுக்குப் பின்னால் முதலெழுத்து வருகிறது. ஒரே உறுப்பினர் மூன்று வடிவத்தில் பதிவானால் அவருடைய ஆட்டங்கள் மூன்று ஆட்களுக்குப் பிரிந்துவிடும். கிளப்புக்கு ஒரே வடிவத்தை முடிவுசெய்து, ஃபிடே எண் உள்ளவர்களுக்கு அதையும் சேர்த்து வைத்தால் ஒரே பெயருள்ள இருவரும் கலக்க மாட்டார்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்கிய பிறகே பெயரைப் போடுங்கள். பிறந்த தேதி, பள்ளி, கைபேசி எண் எதுவும் தொகுப்பில் வர வேண்டியதில்லை.

வெற்றிகளை மட்டும் தேர்ந்தெடுப்பது

25 நகர்வுக்குள் செக்மேட் ஆன ஆட்டங்களாகவே நிறைந்த தொகுப்பை இரண்டாவது முறை யாரும் புரட்டுவதில்லை. பல ஆட்டங்களில் எதிராளி ஒரு காயைச் சும்மா விட்டிருப்பார், அவ்வளவுதான். ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு யானை இறுதிக்கட்டத்தில் 40 நகர்வு தாக்குப்பிடித்து டிரா செய்த ஆட்டம், தரவரிசையில் 300 புள்ளி உயர்ந்தவரிடம் நன்றாக ஆடி நேர நெருக்கடியில் தோற்ற ஆட்டம், இரண்டு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஆடியதில் இருவருமே குறிப்பு எழுதிய ஆட்டம் ஆகியவற்றில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. டிரா கேட்ட நகர்வுக்குத் தாளில் சமக்குறி போட்டிருப்பார்கள், அதையும் பதியுங்கள். எந்த நிலையில் ஒருவர் டிரா கேட்டார், மற்றவர் ஏன் மறுத்தார் என்பது பல ஆட்டங்களின் உண்மைக் கதை.

அச்சிடுவதற்குத் தேர்வு வேண்டும். சேமிப்பதற்குத் தேர்வே கூடாது. 1972-இல் மானுவல் ஆரோன் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் ஆடிப் பழகிய சிறுவன் ஆனந்த்தான் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கடைசிப் பலகையில் ஆடும் குழந்தையின் தாளை இன்று ‘முக்கியமில்லை’ என்று ஒதுக்க நமக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

எஞ்சினின் எண்ணைக் குறிப்பாக எழுதுவது

யார் எவ்வளவு சிப்பாய் மதிப்புக்கு முன்னிலையில் இருக்கிறார் என்பதை எஞ்சின் எண்ணாகக் காட்டும். ‘இங்கே 0.7, அடுத்த நகர்வில் 1.4’ என்பது குறிப்பே அல்ல. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எஞ்சினைத் தொடும் முன் ஆட்டக்காரரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: எந்த நகர்வுக்கு அதிக நேரம் எடுத்தீர்கள், எத்தனை நிமிடம், எதற்குப் பயந்தீர்கள், எந்த நகர்வை ஆட நினைத்து விட்டீர்கள், எதிராளியின் எந்த நகர்வை எதிர்பார்க்கவில்லை? எஞ்சினின் விடையைப் பார்த்துவிட்டால் அவருடைய நினைவே மாறிவிடும். ‘அதைப் பார்த்தேன், ஆனால்’ என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார். எதிராளியிடமும் இதே கேள்விகளைக் கேட்டால் ஆட்டம் இரண்டு மடங்கு தெளிவாகும்.

மார்ஃபி 8-ஆவது நகர்வில் ராணியால் பி7 சிப்பாயை எடுத்திருக்கலாம். கறுப்பு ராணி பி4-இல் செக் கொடுக்கும், ராணிகள் மாறும், ஒரு சிப்பாய் கூடுதலாக இறுதிக்கட்டம் கிடைக்கும். அவரோ குதிரையை சி3-க்கு எடுத்தார். எண்ணை மட்டும் பார்ப்பவர் அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கறுப்பின் எஃப்8 மந்திரி தன் ராணியாலேயே அடைபட்டிருக்கிறது, ஹெச்8 யானை வெளியே வர முடியாது, வெள்ளையின் காய்கள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்குகின்றன என்று எழுதுபவர்தான் அடுத்த 9 நகர்வுகளைப் புரியவைக்கிறார். எஞ்சின் கணக்கில் 0.3-க்குக் குறைவான வித்தியாசத்துக்குக் குறியே போட வேண்டாம். வெற்றி டிராவாகவோ டிரா தோல்வியாகவோ மாறிய இடங்கள் ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்றுதான் இருக்கும்; பத்தி எழுத வேண்டியது அங்கேதான்.

படமும் கோப்பும்

பலகைப் படத்தை 8 முதல் 10 நகர்வுக்கு ஒன்று என்று இயந்திரம்போல் வைப்பதைவிட, யோசிக்க வேண்டிய நிலையில் வைப்பது நல்லது. வெள்ளை எப்போதும் கீழே, ஏ1 கறுப்புக் கட்டம், யாருடைய முறை என்பது படத்துக்கு அடியில். விடையை அதே பக்கத்தில் உடனே கீழே அச்சிட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

பிடிஎஃப் மட்டும் வைத்துக்கொள்வது பெரிய இழப்பு. அதிலிருந்து ஆட்டத்தை மறுபடியும் நகர்த்திப் பார்க்க முடியாது. செஸ் மென்பொருள்கள் படிக்கும் எழுத்து வடிவக் கோப்பான பிஜிஎன் கோப்பே மூலமாக இருக்கட்டும். அதன் ஏழு கட்டாயத் தலைப்புகள் போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. நாளும் மாதமும் தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுவதுதான் முறை. ஜனவரி 1 என்று நிரப்பினால் அடுத்து வருபவர் அதையே உண்மையென்று எடுத்துக்கொள்வார். ராஜாவும் யானையும் சேர்ந்து நகரும் காசிலிங்கை எழுதும்போது ஃபிடே விதி நூல் பூஜ்யத்தைப் பயன்படுத்துகிறது, பிஜிஎன் ஆங்கில ஓ எழுத்தைக் கேட்கிறது. பழைய மென்பொருள்கள் சில இதனாலேயே கோப்பைப் பாதியில் நிறுத்திவிடும். இணைய செஸ் தளமான லிசெஸில் ஆட்டங்களைக் குறிப்போடு சேமிக்கும் ஸ்டடி பகுதியில் ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயங்கள்தான் கொள்ளும் என்பதால் ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துத் தொடங்குவது வசதி. அச்சான பிறகு பிழை தெரியவந்தால் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், எந்த நகர்வு எந்தத் தேதியில் எதை வைத்துத் திருத்தப்பட்டது என்பதை அந்த ஆட்டத்தின் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.