வகுப்பிலும் தொழிற்சாலை ஷாப்பிலும் பழகிக்கொள்வது எப்படி: புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்கு

ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் பம்ப் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு டிரெய்னிகள் சேருவார்கள். பி.இ. முடித்த கையோடு வருகிற பிள்ளைகள். முதல் மூன்று மாதம் அவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வேலை கற்றுக்கொள்வதில் யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் திணறுவார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவதென்று தெரியாமல் கேன்டீன் நடுவில் நிற்பார்கள். கல்லூரியில் ஒருமுறை, வேலைக்கு வந்தபோது ஒருமுறை, நானும் அப்படி நின்றிருக்கிறேன். அப்போது எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதுகிறேன்.

எனக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2009-இல் கவுன்சிலிங்குக்காக அப்பாவோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனதுதான் முதல் சென்னைப் பயணம். அப்போதெல்லாம் நேரில்தான் போக வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. வகுப்பில் அறுபது பேர். அதில் பெண்கள் நான்கு பேர்.

இன்ஜினியர் என்றாலே ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கணக்கு நன்றாகப் போடுவார், மனுஷரோடு பழகத் தெரியாது. ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைவார், கையில் கிரீஸ் படாது. கல்லூரிக்குள் போனால் இதுவே இன்னும் பொடிப்பொடியாகப் பிரியும். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் படிப்ஸ். இங்கிலீஷ் பேசினால் பீட்டர். பேசாமல் இருந்தால் தலைக்கனம். மெக்கானிக்கல் எடுத்த பெண் என்றால், "எப்படியும் டிசைனுக்குத்தானே போகப்போறே?"

இதில் உங்களுக்கு எந்தப் பெயர் விழுந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு விழுந்தது தலைக்கனம். மூன்றாவது மாதம் ஹாஸ்டல் ரூம்மேட் சொல்லித்தான் அது எனக்கே தெரியும். பாடம் முழுக்க இங்கிலீஷில் நடக்கும். கேட்டதைத் தமிழில் புரிந்துகொண்டு, பதிலை மறுபடி இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதுதான் நடக்கிறது. கூட இருக்கும் ஒரே ஒருவரிடம், "என்னைப் பத்தி வகுப்புல என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டுவிடுங்கள். பதில் கொஞ்சம் வலிக்கும். கேட்காமல் நான்கு வருடம் ஓட்டுவது அதைவிட வலிக்கும்.

"எனக்குத் தலைக்கனம் இல்லை" என்று யாரிடமும் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். பேச்சைத் தொடங்க நான் கண்ட வழி, உதவி கேட்பது. உண்மையாகவே உங்களுக்குத் தேவைப்படும் உதவியாக அது இருக்க வேண்டும். எனக்கு அது டிராஃப்டரில் வந்தது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்புக்கு எல்லோரும் மினி டிராஃப்டர் (படம் வரையும் போர்டில் பொருத்தி நேர்கோடு போடும் கருவி) வாங்கிவிட்டார்கள், நானும் வாங்கினேன். அதை போர்டில் எப்படிப் பொருத்துவது, எந்தத் திருகை இறுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் சென்னை கான்வென்ட்டில் படித்த பெண். வகுப்பே அவளை பீட்டர் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் அவளிடம் பேசாமல் இருந்தேன். அன்று வேறு வழியில்லாமல் கேட்டேன். எழுந்து வந்து, கிளாம்ப்பைத் தளர்த்தி, ஸ்கேலை போர்டின் விளிம்போடு சேர்த்து, பிறகு இறுக்கிக் காட்டினாள். அப்புறம் மெதுவாக அவளே கேட்டாள்: "நீங்க எல்லாரும் தமிழ்ல ஜோக் சொல்லிச் சிரிக்கிறீங்கல்ல, எனக்குப் பாதி புரியாது. என்னைப் பத்தியா சிரிக்கிறீங்க?" அவள் என்னைவிடத் தனியாக இருந்திருக்கிறாள். அடுத்தவர் மேல் நீங்கள் ஒட்டிய பெயரையும் ஒருமுறை கிழித்துப் பாருங்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் லேப் பேட்ச் ரோல் நம்பர்படி பிரிப்பார்கள். யாரோடு சேருவது என்று தவிக்கிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று மூன்று மணி நேரம் ராவும்போது பேச்சு தானாக வரும். கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு, கை வேலையில் இருக்கும்போது பேசுவது சுலபம்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ரெக்கார்டு நோட்டும் அசைன்மென்ட்டும் வகுப்பு முழுக்கச் சுற்றும். கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நோட்டு மட்டும் போய்க்கொண்டு நீங்கள் ரூமிலேயே இருந்தால், தேர்வு முடிந்ததும் உங்களை யாரும் தேட மாட்டார்கள். "நைட் சாப்பிட்டுட்டு வா, சேர்ந்து எழுதலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிற இரண்டு பேர் போதும்.

கலாய்ப்பதையும் ராகிங்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களைக் கலாய்க்கிறவன் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால், நீங்கள் திருப்பிக் கலாய்த்தால் சிரித்தால், அது பழக்கம். உங்களைப் பயமுறுத்தி ஒன்றைச் செய்ய வைத்தால் அது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. எல்லோரோடும் ஒட்டிப்போக வேண்டும் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே வார்டனிடமோ வீட்டிலோ சொல்லுங்கள்.

இனி கம்பெனி. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஷாப்பில் நீங்கள் பார்க்கப்போகும் டர்னரும் (லேத்தில் கடைபவர்) ஃபிட்டரும் (பாகங்களைப் பொருத்துபவர்) ஐ.டி.ஐ. முடித்து, உங்கள் வயதளவுக்கு அனுபவம் சேர்த்தவர்கள். வருடத்துக்கு ஒரு கும்பல் இன்ஜினியர் வந்து, இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போவதைப் பார்த்தவர்கள். "புத்தகத்துல படிச்சிட்டு வந்து நமக்குச் சொல்லித்தருவாங்க" என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தால், அதில் நியாயம் உண்டு.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் வார்ப்பிரும்புக் கூடு) ஒன்றை இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கச் சொன்னார்கள். 100 மி.மீ. துளை. அதற்கு மேல் 35 மைக்ரான் வரை போகலாம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெஷினிலிருந்து இறக்கிய உடனே, துளையை அளக்கும் போர் கேஜை விட்டுப் பார்த்தேன். 40 மைக்ரான் கூடுதலாகக் காட்டியது. சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, "ஓவர் சைஸ், ரிஜெக்ட்" என்றேன். மெஷினில் நின்ற அண்ணா கோபப்படவில்லை. ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இங்க கை வைங்க அம்மிணி" என்றார். வைத்தேன். வெயிலில் நிறுத்திய வண்டி சீட் மாதிரி இருந்தது. "சூட்டுல அளந்தா அப்படித்தான் காட்டும். ஆறட்டும், டீ குடிச்சிட்டு வந்து பாருங்க."

டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து அளந்தேன். 18 காட்டியது. கணக்கு எனக்குத் தெரிந்ததுதான்: வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் அளவில் விரியும். 100 மி.மீ.க்கு ஒரு மைக்ரான் சொச்சம். 20 டிகிரி கூடுதல் சூட்டில் 22 மைக்ரான். அளவெடுக்க உலகமெங்கும் 20 டிகிரி செல்சியஸைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள் என்று மெட்ராலஜி (அளவியல்) தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அது என் கையில் இல்லை, அவர் உள்ளங்கையில் இருந்தது. சாக்பீஸ் குறியை நானே துடைத்தேன். சூப்பர்வைசர் வந்ததும், "நான் சூட்டோடு அளந்துட்டேன், அண்ணன்தான் சொன்னாங்க" என்று அந்த அண்ணா முன்னாலேயே சொன்னேன். மறுநாள் பத்து மணிக்கு அண்ணாவே கூப்பிட்டார்: "டீக்கு வர்லீங்களா?"

ஆகவே நான் டிரெய்னிகளிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். தப்பு செய்தால் யார் முன்னால் செய்தீர்களோ அவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்ததை மேலதிகாரியிடம் சொல்லும்போது அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரைவிட்டுச் சொன்னால் அது எப்படியும் அவர் காதுக்குப் போகும், அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார். வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அண்ணா, அக்கா என்றாலே போதும். முதல் வாரத்திலேயே உங்கள் லைனில் இருக்கும் எல்லோர் பெயரையும் பாக்கெட் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது டிரெய்னிகளை விட்டுவிட்டு வேறு மேசையில் சாப்பிடுங்கள். "இங்க உக்காரலாமுங்களா?" என்று கேட்டு உட்கார்ந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வடக்கிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள் தனி மேசையில் இருப்பார்கள். உங்களுக்கு ஹிந்தி வராவிட்டாலும் அங்கேயும் போய் உட்காருங்கள். ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்கும் அளவுக்கு இரண்டு பக்கமும் பாஷை இருக்கும்.

தெரியாத விஷயத்தில் தெரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம். கிரிக்கெட் பிடிக்காதென்றால் பிடிக்காதுதான். நான் இன்றுவரை அதிகம் பேசுகிறவள் இல்லை, என்னோடு டீ குடிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943-இல் முடித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். அவருக்குக் கொடுத்த பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக்கொடுத்தார்களாம். எங்கள் கம்பெனியில் எனக்குக் கொடுத்த முதல் சேஃப்டி ஷூ இரண்டு சைஸ் பெரிது. அதற்குக் கீழே அவர்களிடம் சைஸே இல்லை. பஞ்சு வைத்துச் சமாளிக்காதீர்கள். அது ஆபத்து. ஷூவோ, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து போகும் வண்டியோ, கழிப்பறையோ, எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஜூலையில் வரும் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்கிறீர்கள்.

ஜூலையில் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் ஆகும் நேரத்தில் ஆயுத பூஜை வரும். பூஜைக்கு முந்தின நாள் மதியம் மெஷினை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். லீவுக்கு ஊருக்கு பஸ் பிடிக்க அப்போதே கிளம்பிவிடாதீர்கள். பழைய துணி போட்டுக்கொண்டு வாருங்கள். ஸ்டோரில் துடைக்கப் பனியன் வேஸ்ட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு, "எந்த மெஷினுங்கண்ணா?" என்று கேளுங்கள். மெஷினின் அடிப்பாகமான பெட்டுக்கு அடியில் படிந்திருக்கும் வார்ப்பிரும்புத் தூளை வழித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும், நகத்தில் ஏறிய கறுப்பு இரண்டு நாள் போகாது. பொரிகடலைப் பொட்டலம் கட்டவும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், அங்கேயும் போய் உட்காருங்கள்.