எது கடைசி டிராயிங்? பி.எல்.எம்.மில் ஆவண மென்பொருளின் வேலை

கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் நான் சேர்ந்த புதிதில், ஒரு இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) நடுத்துளையை 20 மி.மீ.யிலிருந்து 19 ஆகக் குறைத்தோம். அது மாட்டப்படும் தண்டான ஷாஃப்ட் மாறியதுதான் காரணம். புது டிராயிங் சர்வரில் ஏறிவிட்டது. லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருந்த பழைய பிரிண்ட்டை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. 60 இம்பெல்லர்கள் 20-இல் கடைந்து வந்து நின்றன. துளை சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து பெரிதாக்கலாம், பெரிதாகிவிட்டால் என்ன செய்வது? "நீங்க குடுத்த டிராயிங்தானே தம்பி?" என்றார் லேத்காரர். அவர் மேல் தப்பே இல்லை.

ஒரு பொருள் யோசனையாகத் தொடங்கி, தயாராகி, விற்று, சர்வீஸுக்கு வந்து, கடைசியில் நிறுத்தப்படும் வரை அதன் விவரங்களைக் கோத்து வைக்கும் முறைதான் பி.எல்.எம். (பிராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்). அந்தக் கோர்வையில் வரும் டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், மேனுவல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஆவண மென்பொருள். டீம்சென்டர், விண்ட்சில் போன்ற பெரிய பி.எல்.எம். மென்பொருள்களில் இது உள்ளேயே இருக்கிறது. ஆட்டோடெஸ்க் வால்ட், சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம். ஆகியவை டிசைன் ஃபைல்களை ஒட்டி வளர்ந்தவை. எதை வாங்கினாலும் செய்யவேண்டிய வேலை ஏறக்குறைய இதுதான்.

படி 1: எண் கொடுங்கள்

பாகத்துக்கு ஒரு எண், ஆவணத்துக்குத் தனி எண். ஒரே இம்பெல்லருக்கு மெஷினிங் டிராயிங், பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) டிராயிங், பரிசோதனைத் தாள் என மூன்று இருக்கலாம். 'இம்பெல்லர்_1எச்பி_ஃபைனல்_புதுசு_2' என்று ஃபைல் பெயரிலேயே கதை எழுத வேண்டாம். வெறும் வரிசை எண் போதும்.

படி 2: பாகத்தோடு இணையுங்கள்

சாதாரண ஃபோல்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இங்குதான். பம்பின் பாகப் பட்டியலான பி.ஓ.எம்.மில் கேசிங், இம்பெல்லர், ஷாஃப்ட், சீல் என்று ஒவ்வொரு வரியிலும் அதற்கான ஆவணத்தை இணையுங்கள். அப்புறம் 'எங்கெல்லாம் பயன்படுகிறது' என்று தேடினால், இந்த இம்பெல்லர் எந்தெந்த மாடல்களில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 3: ரிவிஷனும் நிலையும்

ஒருவர் ஃபைலைத் திருத்த எடுத்தால், அதாவது செக்-அவுட் செய்தால், மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. நீங்கள் 17 முறை சேவ் செய்தாலும் ரிவிஷன், அதாவது டிராயிங்கின் பதிப்பு எழுத்து, 'பி' என்றால் 'பி'தான். ஒப்புதல் பெற்று ரிலீஸ் ஆனபின் மீண்டும் திருத்தினால்தான் 'சி'. ரிவிஷனுக்கு ஐ, ஓ போன்ற எழுத்துகளை விட்டுவிடுங்கள். டிராயிங்கில் அவை 1, 0 மாதிரியே தெரியும்.

படி 4: மாற்றத்துக்கு மனு

இதில் அவசரப்படாதீர்கள். யார் மாற்றம் கேட்டாலும் மென்பொருளில் ஒரு மனு போடட்டும். உற்பத்தி, கொள்முதல், தரப்பிரிவு மூவரும் பார்த்து, கையிருப்பில் பழைய பாகம் எத்தனை என்பதையும் அதிலேயே எழுதட்டும். பிறகு ஒரே கேள்வி: பழையது இருந்த இடத்தில் புதியதையும், புதியது இருக்கும் இடத்தில் பழையதையும் அப்படியே மாட்ட முடியுமா? முடியும் என்றால் ரிவிஷனை மட்டும் மாற்றுங்கள். முடியாது என்றால் புது பாக எண் கொடுங்கள்.

எங்கள் 19 மி.மீ. இம்பெல்லர் பழைய 20 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறவே ஏறாது. அதற்குப் புது எண் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் ரிவிஷனை மட்டும் மாற்றினோம். பிரிண்ட்டைக் கிழிக்காததைவிடப் பெரிய தப்பு இதுதான் என்பது எனக்குப் புரிய நாளானது.

படி 5: பழையதை எடுங்கள், அழிக்காதீர்கள்

ரிலீஸ் ஆனதும் மென்பொருள் பழைய ரிவிஷனை ஒதுக்கிவிடும். சுவரில் இருக்கும் தாளை அது என்ன செய்யும்? பிரிண்ட் எடுக்கும்போதே தேதி விழும்படி அமைத்து, மாற்றத்தை முடித்துவைக்கும் முன் பழைய தாள்களைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஆனால் சர்வரில் பழைய ரிவிஷன் இருக்கவேண்டும். ஏழு வருஷம் கிணற்றடியில் ஓடிய பம்பு சர்வீஸுக்கு வந்தால், சீரியல் எண்ணைத் தட்டியதும் அதற்குரிய டிராயிங் வரவேண்டும். அப்படி வந்த எங்கள் பழைய பம்புகளுக்கு 20 மி.மீ. இம்பெல்லர்தான் தேவைப்பட்டது. அதற்குள் அந்த 60-ஐயும் உருக்க அனுப்பியிருந்தோம்.