கடலோரச் சவுனாவில் செய்யக்கூடாதவை: ஹெல்சிங்கிக்கு வரும் நம்மவர்களுக்கு

ஊரிலிருந்து பின்லாந்துக்கு யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போவது கடலோரச் சவுனாவுக்குத்தான். சவுனா என்றால் அடுப்பின் மேல் கற்களைச் சூடாக்கி, வியர்க்க வியர்க்க உட்காரும் மர அறை. மரப்படியில் வேர்த்து வழிய உட்கார்ந்துவிட்டு, கதவைத் திறந்து நேராகக் கடலில் இறங்கும் அனுபவம் நம் பக்கம் கிடைக்காது. ஆனால் வருகிறவர்களில் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். உள்ளே போனதும் மேல்படியில் ஏறி, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சவுனா போட்டி இல்லை. ஹெய்னோலா என்ற ஊரில் உண்மையாகவே உலகப் போட்டி நடத்தினார்கள். 2010-இல் 110 டிகிரி சூட்டில் நடந்த இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் பலத்த காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். அதோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். சாதாரணச் சவுனாவே 80, 90 டிகிரி இருக்கும். சூடு மேலேதான் தங்கும் என்பதால் முதல் தடவை கீழ்ப்படியில் எட்டுப் பத்து நிமிடம் போதும். தலை லேசாகக் கிறுகிறுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எழுவதையும் மெதுவாகச் செய்யுங்கள்: சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். எண்ணெய்க் குளியல் வேறு, இது வேறு. உள்ளே போகும் முன் சோப்புப் போட்டுக் குளிப்பது இங்கே கட்டாயம். நகையும் வேண்டாம். தங்கச் சங்கிலியும் வெள்ளி அரைஞாணும் ஐந்தே நிமிடத்தில் தோலைச் சுடும். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் தாலிக்கும் தோலுக்கும் நடுவே ஈரத் துண்டை வைத்துக் கீழ்ப்படியிலேயே உட்காருங்கள்.

உடை விஷயத்தில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். ஹெல்சிங்கியின் ஹெர்னேசாரி பகுதியில் 2016-இல் திறந்த 'லோய்லு' என்ற சவுனாவில் ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள், நீச்சலுடை அவசியம். வேறு பல சவுனாக்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, உடையில்லாமல் இருப்பதே இயல்பு. போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செல்போன் மட்டும் எங்கேயும் உள்ளே வரக்கூடாது.

'லோய்லு' என்ற அந்தப் பெயரே ஒரு சவுனாச் சொல். சூடான கல்லில் தண்ணீர் விழுந்ததும் எழும் ஆவிக்கு 'லோய்லு' என்று பெயர். பழைய காலத்தில் அது உயிரையும் குறித்ததாம். போன மாதம் பக்கத்தில் இருந்த பெரியவர் கரண்டியைக் கையில் எடுத்து, எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். ஒரு பெண் தலையசைத்த பிறகுதான் அரைக் கரண்டி ஊற்றினார். கல் சீறியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் காது நுனியிலிருந்து தோள் வரை சூடு இறங்கியது. கேட்காமல் வாளியைக் கவிழ்ப்பவரை யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் படி காலியாகிவிடும். பேசலாமா என்றால், தாராளமாக. வெளியே பேருந்தில் வாய் திறக்காத பின்லாந்துக்காரர்கள் இங்கே தாங்களே பேச்சைத் தொடங்குவார்கள். குரலை மட்டும் தாழ்த்திக்கொள்ளுங்கள். சவுனாவில் தேவாலயத்தில் இருப்பது போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் பழமொழி.

சரி, தண்ணீர். மிக ஆபத்தான தவறு இங்கேதான்: ஓடிப்போய்க் குதிப்பது. இங்கே பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, குளிர்காலத்தில் உறைந்துபோகும். பனியில் துளை போட்டுத்தான் இறங்குவார்கள். உடம்பு அந்தத் தண்ணீரில் பட்டதும் நம்மை அறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அதனால் ஏணியைப் பிடித்துக்கொண்டே, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். கழுத்து வரை போதும். படபடப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். முதல் முறை அதுவரைகூட இருக்கத் தேவையில்லை, பத்தே நொடியில் ஏறிவிடலாம். தனியாக இறங்காதீர்கள். மது குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வரவேண்டாம். சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள 'அல்லாஸ்' குளத்தில் கடல்நீர்க் குளத்தோடு வெதுவெதுப்பான நீச்சல் குளமும் இருக்கிறது. பயப்படுகிறவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

ஏறியதும் மறுபடி சூட்டுக்குள் ஓடவும் வேண்டாம். துண்டைப் போர்த்திக்கொண்டு சற்று வெளியே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தோல் முழுக்க ஊசி குத்துவது போல இருந்து, பிறகு உள்ளிருந்து ஒரு கதகதப்பு வரும். இரண்டு மூன்று சுற்று போதும். கடைசிச் சுற்று முடிந்து உடை மாற்றிய பிறகும் உடம்பின் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நடுக்கம் அப்போதுதான் வரும். தலையை நன்றாகத் துவட்டி, கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, சூடாக ஏதாவது குடித்துவிட்டு டிராம் நிறுத்தத்துக்குக் கிளம்புங்கள்.