பத்தாவது கேமராவைக் கேட்டால் எட்டாவது பதில் சொன்னது: பைத்தானில் ஐபி முகவரியைக் கையாள்வது எப்படி?

குலசேகரத்தில் என் மாமாவுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. கடை, எடை போடும் இடம், ஷீட் உலர்த்தும் புகைக்கூடம், ஒட்டுப்பால் போட்டு வைக்கும் கொட்டகை எல்லாம் சேர்த்து 19 கேமரா இருக்கின்றன. ஐப்பசி மழையில் இடி மின்னல் அடித்தால் ஒன்றிரண்டு படுத்துவிடும். எது ஓடுகிறது, எது படுத்தது என்று தினமும் காலையில் சொல்ல ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கேமராவுக்கும் நெட்வொர்க்கில் ஒரு ஐபி முகவரி உண்டு, கேமராவின் எண்தான் அதன் கடைசித் துண்டு: பத்தாவது கேமரா 192.168.1.10. முகவரியின் நடுவில் கிடந்த ஒரு பூஜ்ஜியம் அதில் என்னை மூன்று நாள் அலையவிட்டது. புதிதாக நெட்வொர்க் நிரல் எழுதுகிறவர்கள் அதில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைத்தான் நிறுவியிருக்கிறீர்கள், ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள் (ஃபால்ஸ், நன் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து). பைத்தான் 3.9.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஏன் என்று கீழே வரும்.

படி 1: மாட்யூலைக் கொண்டு வருதல்

ஐபிஅட்ரஸ் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே பைத்தானோடு சேர்ந்து வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி முகவரியைச் சரிபார்க்கும் வேலைக்குப் போகாதீர்கள். முகவரியின் ஒரு துண்டு 255-ஐத் தாண்டக்கூடாது, ஆனால் 999 என்ற எண்ணையும் உள்ளே விடுகிற எக்ஸ்பிரஷன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 2: எழுத்தை முகவரியாக மாற்றுதல்

ஐபி_அட்ரஸ்("192.168.1.10") என்று கொடுத்தால் ஒரு முகவரிப் பொருள் கிடைக்கும். அதை இன்ட்டுக்குள் போட்டுப் பாருங்கள், 3232235786 என்று வரும். நாலு துண்டாக எழுதினாலும் முகவரி என்பது உள்ளே ஒரே எண்தான். அதனால் அதோடு 1 கூட்டினால் அடுத்த முகவரி வரும், இரண்டை ஒப்பிடலாம், வரிசைப்படுத்தலாம்.

வெறும் எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தினால் 192.168.1.2-க்கு முன்னால் 192.168.1.10 வந்து நிற்கும். எழுத்து வரிசையில் 1 முந்தி, 2 பிந்தி. மாமா கடைக் கணக்குப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அவர் எக்செல் பட்டியலில் எல்லாவற்றையும் மூன்று இலக்கமாக்கி 192.168.001.002, 192.168.001.010 என்று எழுதி வைத்துவிட்டார். வரிசை அழகாக வந்தது. நான் அந்தப் பட்டியலை அப்படியே நிரலுக்குக் கொடுத்தேன்.

படி 3: முன்னால் நிற்கும் பூஜ்ஜியம்

இங்கே மெதுவாக வாருங்கள்.

என் நிரல் ஒவ்வொரு முகவரியையும் சாக்கெட் மாட்யூலின் கிரியேட்_கனெக்ஷனுக்குக் கொடுத்து, கேமரா படம் அனுப்பும் 554 போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும். இரண்டு நொடியில் கிடைக்காவிட்டால், அல்லது எந்தப் பிழை வந்தாலும், 'படுத்தது' என்று எழுதும். முதல் நாள் காலை 8, 9, 12, 18, 19 ஐந்தும் போச்சு என்று பட்டியல் வந்தது. மாமா ஃபோனில் கூப்பிட்டார்: "மக்களே, எட்டும் ஒம்பதும் டிவியில நல்லா தெரியுதுல்லா. கொட்டகையில உள்ள பத்துதான் கறுப்பா கெடக்கு."

ஒயரை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். மூன்றாம் நாள் இரவு அந்த எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 12-ஐத் தவிர எல்லாம் எட்டிலோ ஒன்பதிலோ முடிகின்றன.

பூஜ்ஜியத்தில் தொடங்கும் துண்டை, கணினியின் பழைய முகவரி வாசிப்பு முறை எட்டடிமான எண்ணாக (ஆக்டல், பத்துக்குப் பதில் எட்டெட்டாக எண்ணுவது) எடுத்துக்கொள்கிறது. எட்டடிமானத்தில் 010 என்றால் 8. அதனால் பத்தாவது கேமராவைக் கேட்டபோது எட்டாவது பதில் சொன்னது, பத்து உயிரோடு இருப்பதாகப் பதிவானது. 012 என்றால் 10. படுத்துக் கிடந்த பத்தைத் தட்டிவிட்டு, 12 போச்சு என்று எழுதியது. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகவே 008, 009, 018, 019 நான்கும் முகவரியாகவே ஏற்கப்படவில்லை. பெயர் தெரியாது என்ற பிழை வந்தது. எந்தப் பிழையையும் 'படுத்தது' என்று எழுதச் சொன்னது நான்தான்.

இதே முகவரியை ஐபி_அட்ரஸுக்குக் கொடுத்திருந்தால் உடனே வேல்யூஎரர் வந்திருக்கும். 3.9.5 வேண்டும் என்றது இதற்காகத்தான். 3.8-ல் இந்த மாட்யூல் 010-ஐப் பத்து என்று ஏற்றுக்கொண்டது. சாக்கெட்டோ எட்டுக்குப் போகும். சரிபார்த்த முகவரி ஒன்று, இணைந்த முகவரி இன்னொன்று என்றால் அது பாதுகாப்பு ஓட்டை. 2021-ல் அதை அடைத்தார்கள்.

பட்டியலைச் சுத்தம் செய்வது எளிது. முகவரியைப் புள்ளியில் ஸ்பிளிட் செய்யுங்கள், ஒவ்வொரு துண்டையும் இன்ட்டுக்குள் போடுங்கள் (அது "010"-ஐப் பத்தாகவே எடுக்கும்), திரும்ப எழுத்தாக்கிப் புள்ளி வைத்து ஜாயின் செய்யுங்கள், அப்புறம் ஐபி_அட்ரஸுக்குக் கொடுங்கள். ஆனால் பூஜ்ஜியத்தை எந்த எண்ணத்தில் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த பட்டியலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கணக்குப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொள்ளலாம். வெளியாள் ஒரு படிவத்தில் அடித்து அனுப்பியதில் பூஜ்ஜியம் இருந்தால், திருத்தாமல் திருப்பி அனுப்புங்கள்.

படி 4: நம்ம நெட்வொர்க்தானா?

ஐபி_நெட்வொர்க்("192.168.1.0/24") என்று ஒன்றை உருவாக்கி, ஒரு முகவரி அதற்குள் இருக்கிறதா என்று 'இன்' போட்டுக் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். /24 என்றால் முதல் மூன்று துண்டும் மாறாது, கடைசித் துண்டு மட்டும் மாறும். அதில் மொத்தம் 256 முகவரி. கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 254. "192.168.1.5/24" என்று கொடுத்தால் பிழை வரும், ஏனென்றால் அது நெட்வொர்க்கின் தொடக்க முகவரி இல்லை. பலர் ஸ்டிரிக்ட்=ஃபால்ஸ் போட்டு வாயை அடைத்துவிடுவார்கள். கருவியின் முகவரியும் நெட்வொர்க்கும் சேர்ந்து வேண்டுமென்றால் ஐபி_இன்டர்ஃபேஸ்தான் சரி.

பிற்சேர்க்கை

தக்கலையிலிருந்து ஒரு வாசகர், படி 4-ஐத் தன் சர்வரில் போட்டால் கடைக்குள் இருக்கும் கணினிக்கும் 'இல்லை' என்றே வருகிறது என்று எழுதியிருந்தார். இதுவரை பார்த்த நாலு துண்டு முகவரி ஐபிவி4, அதைவிட நீளமான புதிய வகை ஐபிவி6. அவர் சர்வர் ஐபிவி6 சாக்கெட்டில் இரண்டு வகை இணைப்பையும் வாங்குகிறது. அப்போது ஐபிவி4 முகவரிக்கு முன்னால் இரண்டு முக்காற்புள்ளி, நாலு எஃப், இன்னொரு முக்காற்புள்ளி ஒட்டிக்கொண்டு, அது ஐபிவி6 முகவரியாக வந்து சேரும். ஐபிவி4 நெட்வொர்க்கில் அதைத் தேடினால் பிழை எதுவும் காட்டாமல் 'இல்லை' என்றுவிடும். முகவரிப் பொருளின் வெர்ஷன் 6 ஆக இருந்தால் ஐபிவி4_மேப்டு என்ற பண்பைப் பாருங்கள். அங்கே நன் என்று இல்லாமல் ஒரு முகவரி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு சோதியுங்கள். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் அவருக்கு வேலை செய்தது. மாமா கடை நிரலிலும் சேர்த்துவிட்டேன்.