புது ஊரில் குடும்ப மருத்துவரைத் தேடுவது எப்படி? உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள்

கும்பகோணத்திலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாற்றி நாற்பது நாள் ஆகியிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த என் மாமியார், சமையலறைச் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கை சில்லிட்டிருந்தது, ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. "என்ன செய்கிறது அத்தை?" என்று கேட்டால் பதில் குழறுகிறது. வீட்டுக் கருவியில் பார்த்தால் சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. நினைவு இருந்ததால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

காரணம் மறுநாள் தெரிந்தது. ஊரில் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரை ஒன்று. இங்கே அவசரத்துக்குப் போன கிளினிக்கில் எழுதிக் கொடுத்தது இன்னொன்று. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைட் என்ற ஒரே சர்க்கரை மருந்து. இரண்டையும் சேர்த்து ஒன்பது நாள் விழுங்கியிருக்கிறார். பழைய மாத்திரைகளைக் கொண்டுவரும்படி அந்தக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

வீடு மாற்றப்போகும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பெரிய மருத்துவமனையின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது போதாது. உங்கள் வீட்டார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த ஒரு மருத்துவர், பத்து நிமிட தூரத்தில் வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். சில படிகளைத் தாமதமாகத்தான் செய்தோம். நீங்கள் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

படி 1: பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன் காகிதங்களைச் சேருங்கள்

லாரி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய மருத்துவரைப் பார்த்து ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். என்ன நோய், எத்தனை ஆண்டுகளாக, இப்போது என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன அறுவை சிகிச்சை நடந்தது, கடைசிப் பரிசோதனை முடிவு என்ன என்பதெல்லாம் அதில் இருந்தால் போதும். மாத்திரைகளின் கடைப்பெயரோடு மூலப்பெயரையும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும், எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம். மருத்துவப் பதிவுகளை நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. பழைய இ.சி.ஜி. தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு நெஞ்சு வலி என்று போகும்போது, புதிய இ.சி.ஜி.யில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, பல ஆண்டுகளாக இருப்பதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். இ.சி.ஜி. தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதனால் கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டை. கர்ப்பிணி இருந்தால் பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் 12 இலக்க எண் அது. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் கேட்பார்கள். வேறு மாவட்டத்துக்குப் போய்ப் பிரசவம் பார்த்தாலும் அதே எண்தான். சாமான் மூட்டையில் இவற்றைக் கட்டிவிடாதீர்கள். கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு மாதத்துக்கான மாத்திரைகளையும்.

படி 2: முதல் வாரத்திலேயே அவசர வழியைப் போய்ப் பாருங்கள்

108-ஐ அழைத்தால் முதலில் இடத்தைத்தான் கேட்பார்கள். புது வீட்டின் முகவரி பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. கதவு எண், தெரு, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அதைச் சத்தமாகப் படித்துப் பழகியிருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். '24 மணி நேரம்' என்று பலகை மாட்டிய இடங்களில் இரவில் உண்மையாகவே மருத்துவர் இருக்கிறாரா, செவிலியர் மட்டும்தானா என்று கேளுங்கள். சி.டி. ஸ்கேன் இரவிலும் எடுப்பார்களா? மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் வசதி அங்கேயே உண்டா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத மருத்துவமனைக்கு முதலில் போய்விட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனை என்பதையும் பார்த்துவையுங்கள். எங்களுக்குக் குரோம்பேட்டை.

சாலை விபத்துக்குத் தனியாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் இலவசம். உங்கள் பகுதியில் எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

படி 3: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்

தனியாரிடம்தான் காட்டப்போகிறோம் என்றாலும் போங்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசி பெரும்பாலும் புதன்கிழமை போடுகிறார்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஓட வேண்டிய இடமும் இதுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பழைய ஊரில் மாத்திரை வாங்கிவந்தவர்கள், புது இடத்தில் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பகுதிச் செவிலியரிடம் பேசிப் பழகிவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. எந்த மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

படி 4: கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்

"இங்கே நல்ல டாக்டர் யார்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கைராசிக்காரர் என்பார்கள். நான் கேட்ட கேள்வி வேறு: "உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரைக்கு யாரிடம் காட்டுகிறீர்கள்? எத்தனை வருடமாக?" எதிர் வீட்டு அக்கா ஒரு பெயர் சொன்னார், பதினொரு வருடமாக அவரிடம்தான் என்றார். மகளின் வகுப்பு ஆசிரியையும் அதே பெயரைச் சொன்னார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரரிடமும் கேட்கலாம். ஆனால் கிளினிக்கோடு ஒட்டிய கடையில் கேட்காதீர்கள், அவர் அந்தக் கிளினிக்கைத்தான் காட்டுவார். சற்றுத் தள்ளி, பல மருத்துவர்களின் சீட்டு வரும் கடையில் கேளுங்கள். இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளைப் படியுங்கள். காத்திருக்கும் நேரம், போன் எடுக்கிறார்களா, தேவையில்லாத பரிசோதனை எழுதுகிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

படி 5: பட்டத்தையும் பதிவு எண்ணையும் பாருங்கள்

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், எழுதித் தரும் சீட்டிலும், பண ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்கலாம். குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கு அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவரோ, பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவரோ போதும். எடுத்த எடுப்பில் டி.எம். படித்த சிறப்பு மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. எப்போது, யாரிடம் போக வேண்டும் என்பதைக் குடும்ப மருத்துவரே சொல்வார். ரத்தப் பரிசோதனைக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசியத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்று பாருங்கள்.

படி 6: நோய் இல்லாத நாளில் முதல் சந்திப்பு

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். காய்ச்சல் அடிக்கும்போது போனால் காய்ச்சலை மட்டும்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு புதன்கிழமை மாலை, டோக்கன் குறைவாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனோம். வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டோம். கால் வலிக்காகச் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வாங்கிய சூரணத்தையும் விடவில்லை. வேறு மருத்துவ முறையில் எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அந்த மருத்துவர் பையை மேசையில் கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தார். காலை மாத்திரை இடது பக்கம், இரவு மாத்திரை வலது பக்கம் என்று அடுக்கினார். நிறுத்திவிட்ட அந்தக் கிளிமிபிரைட் அட்டையை எடுத்து, "இது வீட்டில் இருக்கவே கூடாது, பழக்கத்தில் கை போய்விடும்" என்று தனியே வைத்தார். அத்தையை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் ரத்த அழுத்தம் பார்த்தார். கடைசியாக எல்லா மருந்தையும் பெரிய எழுத்தில், மூலப்பெயரோடு ஒரே தாளில் எழுதினார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வந்ததும் அத்தை, "இவரே போதும்" என்றார்.

நீங்களும் இவற்றையே கவனியுங்கள். பழைய மருந்தைக் கேட்கிறாரா? பரிசோதனை எழுதினால் எதற்கு என்று சொல்கிறாரா? மூக்கு ஒழுகும் சாதாரணச் சளிக்கு முதல் நாளே ஆன்டிபயாடிக் எழுதுகிறாரா? (அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்.) நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, கூட வந்தவரிடம் மட்டும் பேசுகிறாரா? வயதானவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பதை அன்று அத்தையின் முகத்தில்தான் பார்த்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: இரவில் ஏதாவது என்றால் யாரை அழைப்பது? நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்? மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இவற்றுக்கு எரிச்சல்படுகிறவர் உங்களுக்கானவர் இல்லை. அடுத்த பெயருக்குப் போங்கள்.

படி 7: பணத்துக்கான வழி

இன்சூரன்ஸ் இருந்தால், படி 2-இல் குறித்த மருத்துவமனைகளில் எவை உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்து வட்டமிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதை ஊர் மாறியதும் தூக்கி வைத்துவிட வேண்டாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம், மாவட்டம் மாறினாலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் செல்லும். குடும்ப அட்டையில் முகவரியை மாற்றும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பெயரில் கேட்டால் செலவு நன்றாகக் குறையும்.

படி 8: ஒரே தாள்

மருத்துவர் எழுதித் தந்த அந்தத் தாளை நாங்கள் நகலெடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்: குளிர்சாதனப் பெட்டிக் கதவில், அத்தையின் சுருக்குப் பையில், என் கணவரின் கைப்பேசியில். ஒரு மாத்திரை மாறினாலும் பழைய நகல்களைக் கிழித்துவிட்டுப் புதிது எழுத வேண்டும். பல்லுக்கு, கண்ணுக்கு என்று வேறு மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்ட வேண்டும். சென்ற மாதம் கண் மருத்துவமனையில் என்னென்ன மருந்து என்று கேட்டபோது நான் வாய் திறக்கும் முன்பே அத்தை சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.