13 சமப் படிகளுக்கு எந்த விகிதங்கள் பொருந்தும்? உட்குலம் தேர்ந்தெடுக்கும் முறை

ச முதல் மேல் ச வரையான ஆக்டேவை 12-க்குப் பதில் 13 சமப் படிகளாக வெட்டினால் முதலில் பலியாவது பஞ்சமம். அதன் அதிர்வெண் ச-வைப்போல் 3/2 மடங்கு; அது 702 சென்ட் (ஆக்டேவை 1200-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). இங்கே ஒரு படி 92.31 சென்ட்; 7-ஆம் படி 646-இலும் 8-ஆம் படி 738-இலும் போய் உட்காருகின்றன. இரண்டுமே ப ஆகாது. இதைக் கேட்டதுமே 13 உதவாது என்று பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாகத் திணித்துப் பார்ப்பதால் வரும் முடிவு அது. ஒத்துவரும் எண்களை மட்டும் பொறுக்கி, அவற்றைப் பெருக்கியும் வகுத்தும் கிடைக்கும் விகிதங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தொகுப்புதான் உட்குலம், 2.5.11 என்பதுபோல் புள்ளி வைத்து எழுதுவார்கள்.

கணக்கு எளிது. ஒவ்வோர் எண்ணுக்கும் அடிமானம் 2-இல் மடக்கை எடுத்து 13-ஆல் பெருக்குங்கள். எக்செல்லில் ஒரே வரி.

3 → 20.60
5 → 30.19
7 → 36.50
11 → 44.97
13 → 48.11
17 → 53.14

விடை முழு எண்ணை ஒட்டி வந்தால் பொருத்தம்; .5-ஐ நெருங்கினால் ஆகாது. 7 சரியாக இரண்டு படிகளுக்கு நடுவில் தொங்குகிறது, யோசிக்காமல் தூக்கிவிடலாம். 11-தான் இங்கே ராஜா: 45 படியில் மூன்று ஆக்டேவுக்கான 39-ஐக் கழித்து ஒரே ஆக்டேவுக்குள் இறக்கினால் அது 11/8, 6-ஆம் படி. 11/8 என்பது 551.3 சென்ட், 6-ஆம் படி 553.8. 5-இன் கதை நடுத்தரம். அந்தர காந்தாரம் (5/4) 386-இல் இருக்க வேண்டும், 4-ஆம் படி 369-இல் நிற்கிறது, 17 சென்ட் குறைவு. பியானோவில் அதே சுரம் 14 சென்ட் அதிகம். அதைப் பொறுத்துக்கொள்ளும் காது இதையும் பொறுக்கும்.

எங்கே கோடு போடுவது? பிழை கால் படிக்குள் இருந்தால் சேர்ப்பது வழக்கம். ஆனால் குருட்டாம்போக்கில் விழுந்தால்கூடப் பாதி எண்கள் கால் படிக்குள் வந்துவிடும். 29, 31, 37 என்று ஏறிக்கொண்டே போனால் பட்டியல்தான் நீளும், காதில் ஒன்றும் ஏறாது. பகா எண்களில் 13-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஆசைப்பட்டால் 17.

அடுத்த கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பகு எண்களையும் சோதியுங்கள். 9-க்கு 41.21 வருகிறது, ஆக 41. 3-ஐ 21 படி என்று வைத்தால் 9-க்கு 42 ஆகியிருக்கும். 3-ஐக் கைவிட்டுவிட்டு 9-ஐத் தனி உறுப்பாக எடுத்தால் சிக்கல் தீர்ந்தது. 21 இன்னும் சுவாரசியம். 3-இன் பிழை 36.5 சென்ட் மேலே, 7-இன் பிழை 45.7 கீழே, பெருக்கினால் ஒன்றை ஒன்று தின்று 9.2 சென்ட்தான் மிஞ்சுகிறது. கெட்ட எண்கள் இரண்டு சேர்ந்து நல்ல எண் ஒன்றைத் தருகின்றன.

இதே ஆசையில் 15-ஐயும் சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அது 50.79, அதாவது 51 படி. தனியாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் 15-இன் வர்க்கமும் 9 × 5 × 5-உம் ஒரே எண், 225. முதல் வழியில் 102 படி, இரண்டாவது வழியில் 41 + 30 + 30 = 101. ஒரே சுரத்துக்கு இரண்டு இடம். உறுப்புகளில் ஒன்றை மற்றவற்றிலிருந்து வர்க்கம் போட்டுக்கூட வரவழைக்க முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 15 போகட்டும், 2.5.9.11.13.21 நிற்கட்டும்.

பிறகு ஜோடி ஜோடியாகப் பாருங்கள். 5-உம் 9-உம் ஒரே பக்கம் ஏறக்குறைய ஒரே அளவு சரிவதால் 10/9-இல் பிழை 2.2 சென்ட்தான். 9 கீழே, 11 சற்று மேலே என்பதால் 11/9-இல் 22 சென்ட். அந்த இரண்டையும் ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) நீட்டிப் பிடிக்காதீர்கள்.

24 போன்ற பிரிவுகளில் இன்னொரு பொறி. அங்கே 2, 3, 5-க்கு 24, 38, 56 படிகள். எல்லாம் இரட்டைப்படை, ஆகவே நீங்கள் வாசிப்பது அதே பழைய 12. 11-ஐச் சேர்த்தால் 83 வந்து கட்டு உடைகிறது. 24-ஐத் தேடிப் போவதற்கு 2.3.11-தான் காரணமாக இருக்க வேண்டும்.

காதால் சோதிக்க ஸ்காலா கோப்பு (சுருதிகளை வரிக்கு ஒன்றாகப் பட்டியலிடும் உரைக்கோப்பு) எழுதி, இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி சிந்தசைசரில் ஏற்றுங்கள். 13 வரிகள்: 92.30769, 184.61538 என்று போய்க் கடைசியில் 2/1. புள்ளியில்லாமல் 92 என்று எழுதினால் 92/1 என்ற விகிதமாக எடுத்துக்கொண்டு ஆறு ஆக்டேவுக்கு மேல் பறந்துவிடும். கீபோர்டில் மேல் ச 13 கட்டை தள்ளி வரும், விரல் பழக நாளாகும். ரம்பப்பல் அலையைத் தேர்ந்தெடுங்கள். சதுர அலையில் இரட்டைப்படைச் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 2, 4, 6 மடங்குகள்) கிடையாது; 11/8 ஒத்துப்போக, ச-வின் 11-ஆம் சீரிசையோடு சேர மேல் சுரத்தின் 8-ஆம் சீரிசை வேண்டும். ஃபில்டரும் திறந்திருக்கட்டும். ச-வை 220 ஹெர்ட்ஸில் வைத்து 6-ஆம் படியோடு பிடித்தால் 2420 ஹெர்ட்ஸ் அருகே நொடிக்கு மூன்று, நான்கு விம்மல்கள் (ஒலி ஏறி இறங்குவது) கேட்கும். 8-ஆம் படியோடு பிடித்தால் 14, அது வெறும் கரகரப்பு.

கடைசியாக 0, 4, 6, 9 படிகளை ஒன்றாக அழுத்துங்கள். அது 8:10:11:13. பழக்கதோஷத்தில் விரல் 8-ஆம் படிக்குப் போகும்; விடாதீர்கள்.